காலம் பார்த்த நெல்

ஐயாவின் வலது கைப் பெருவிரல் நகம் எப்போதும் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். வயலுக்குள் இறங்கினால் நல்ல தடித்த மட்டமாக ஒன்றைப் பார்த்து வேரோடு பிடுங்குவார். வாய்க்கால் நீரில் சேறு போக அலசுவார். பிறகு அந்த நகத்தை அடியில் வைத்து மேல் நோக்கி ஒரே கீறு. வாழைத்தண்டு உரிவது போல இலையுறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழலும். கடைசி உறையும் கழன்ற பிறகு, அடிக்கணுவுக்குச் சற்று மேலே, குண்டூசித் தலையளவில் வெள்ளையாக, பூனைமயிர் பிடித்த ஒரு குஞ்சம் நிற்கும். "வந்திட்டுது" என்பார். அவ்வளவுதான். வரம்பில் நின்று பார்க்கிறவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பயிர் இலைவிட்டுக்கொண்டு பச்சையாகத்தான் நிற்கும். குடலை பருக்க இன்னும் இரண்டு மூன்று கிழமை, கதிர் தலைகாட்ட ஒரு மாதம்.

நான் 1951 இல் பூநகரியில் பிறந்தேன். இரண்டு வயதில் உருத்திரபுரம் பக்கம் இரணைமடுத் தண்ணீர் பாயும் காணிக்கு வந்தோம். பின்னாளில் விவசாயப் போதனாசிரியராகி, முப்பது வருடத்துக்கு மேல் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் அதே நகக்கீறலை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். குஞ்சம் தெரிகிற கிழமையில் யூரியா போட்டால் மணி கூடும், பிந்திப் போட்டால் இலைதான் கொழுக்கும். துண்டுப்பிரசுரத்தில் படம் போட்டு விளக்கியதைவிட, ஒரு மட்டத்தைக் கிழித்துக் கையில் வைத்துக் காட்டியதுதான் கமக்காரருக்குப் பிடித்தது.

ஆனால் அந்தக் குஞ்சம் தெரிவதற்கு முந்திய நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. நேற்றுவரை இலை செய்துகொண்டிருந்த கலங்கள் இன்று கதிர் செய்யத் தொடங்குகின்றன. ஏன் இன்று? யார் சொன்னார்கள்? வன்னியின் நெல் வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போயிருக்கிறது என்பது எழுபது வயதுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைநூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் கண்டது, உடைந்த குளங்களும் காட்டுக்குள் சிதறிய சின்னக் கிராமங்களும் நிறைந்த நிலம். பெருங்குளங்கள் தூர்ந்து கிடந்தன. கிராமக் குளத்தில் நின்ற தண்ணீரையும் வானத்தையும் நம்பித்தான் விதைப்பு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1880களிலேயே கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். 1902 இல் தொடங்கிய இரணைமடு வேலை 1920 அளவில்தான் முடிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி போதாதவர்களைக் கொண்டுவந்து கிளிநொச்சியில் குடியேற்றத் தொடங்கியது 1930களில். துருசைத் திறந்தால் தண்ணீர் வரும் வாழ்க்கை எங்கள் ஆட்களுக்குப் புதிது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் தண்ணீருக்குத் திறப்பு யாருடைய கையிலும் இருக்கவில்லை.

அந்தக் காலத்து நெல்லைப் பெரியையாவின் வயலில்தான் நான் பார்த்தேன். ஐயா கிளிநொச்சிக்கு வந்த பிறகும் அவர் பூநகரியை விட்டு அசையவில்லை. கடற்காற்றும் உவரும் உள்ள மண், மழையைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. மொட்டைக்கறுப்பனுக்குப் பெயர்போன ஊர் அது. பெரியையா மொட்டைக்கறுப்பனோடு, வயது நீண்ட இன்னொரு நெல்லும் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதைக் காலநெல் என்போம். நெஞ்சளவு வளரும், மணி தடிப்பு, சோறு செம்மை. ஒரு சட்டி கஞ்சி குடித்தால் மத்தியானம் வரை பசி தெரியாது.

ஒரு வருடம், எனக்குப் பதினொரு வயதிருக்கும், ஆவணியில் புழுதி விதைப்புச் செய்தார். ஒரு மழை பெய்தது, முளைத்தது, பிறகு மூன்று கிழமை வெயில். தெற்குப் பக்கத்துத் துண்டு கருகிப் போனது. புரட்டாசி முடிகிற நேரம் அதை மறுபடி உழுது அதே விதையைப் போட்டார். வடக்குத் துண்டுக்கும் தெற்குத் துண்டுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் வயது வித்தியாசம். ஐப்பசியில் பார்த்தால் தமையனும் தம்பியும் போல நின்றன, ஒன்று இடுப்பளவு, மற்றது முழங்கால். மார்கழியில் இரண்டும் ஒரே கிழமையில் கதிர் தள்ளின. தைக் கடைசியில் அருவி வெட்டுக்கு ஆள் பிடித்தபோது இரண்டு துண்டுக்கும் ஒரே நாள். உப்பட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இளைய பயிரின் கதிர் கொஞ்சம் சின்னது, வேறொன்றும் இல்லை.

"பிந்தி விதைச்சது எப்பிடிப் பெரியையா முந்தினதோடை சேர்ந்து விளைஞ்சது?" என்று கேட்டேன்.

"அது நாளை எண்ணிற நெல்லில்லை ராசா. காலத்தைப் பாக்கிற நெல்லு" என்றார்.

விவசாயக் கல்லூரியில் இதற்குப் பெயர் கற்றுக்கொண்டேன்: ஒளிக்கால உணர்வு. அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இருவர் புகையிலைச் செடியை வைத்து இதைக் கண்டு எழுதியது 1920 இல், இரணைமடு வேலை முடிந்த அதே காலம். செடிகள் பகலின் நீளத்தை அளக்கின்றன. நெல் பகல் குறுகும்போது பூக்கிற இனம். ஆனால் குளிர்நாட்டுக்காரர் எழுதிய அந்தப் பாடம் எங்கள் வானத்துக்குப் பொருந்துமா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது நினைவிருக்கிறது. நியாயமான கேள்வி. கிளிநொச்சி 9 பாகை 24 கலை அளவில் இருக்கிறது. ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறத்தாழ 1 மணி 6 நிமிடம்தான் வித்தியாசம். நாள் கணக்கில் பார்த்தால் ஒன்றிரண்டு பத்து வினாடிகள். மனிதருக்குத் தெரியாது. நெல்லுக்குத் தெரிகிறது. 1959 இல் டோர் என்பவர் மலாயாவின் மலாக்காவில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில், வருடம் முழுவதும் பார்த்தாலும் பகல் 14 நிமிடம்தான் கூடிக்குறையும் இடம் அது. அங்கே சியாம் 29 என்ற நெல்லைத் தை மாதம் விதைத்தால் 329 நாள் எடுத்தது, புரட்டாசியில் விதைத்தால் 161 நாள். பதினான்கு நிமிடத்தை வைத்து அந்தச் செடி ஐந்தரை மாதத்தைத் தீர்மானிக்கிறது.

வன்னிக்கு இந்தக் குணம் எவ்வளவு பெரிய காவல் என்பதை இந்த மழையில் நனைந்தவர்கள்தான் அறிவார்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக் கார்த்திகையில் உச்சத்துக்குப் போய் மார்கழியில் தணியும். முதல் மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆவணியிலும் வரும், ஐப்பசிக்கும் பிந்தும். ஆனால் மழை விடுகிற காலம் பெரிதாக மாறுவதில்லை. விதைப்பு முன்பின்னானாலும் கதிர் மட்டும் பெருமழைக்குப் பிறகு வெளிவந்து தை வெயிலில் முற்ற வேண்டும். அதைக் கமக்காரன் கணக்கிடத் தேவையில்லை, நெல் கணக்கிட்டுக்கொண்டது. தைப்பூசத்தில் புதிர் எடுப்பதும், சூடு மிதித்துக் கொம்பறை நிரப்புவதும், பங்குனி உத்திரத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல் பொங்க வண்டில் கட்டுவதும் அந்த நெல் வகுத்துக் கொடுத்த நாட்களில் நடந்தன. நாங்கள் பஞ்சாங்கம் பார்த்தோம் என்று நினைத்தோம். பஞ்சாங்கத்தோடு சேர்த்து நெல்லையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு எச் 4 வந்தது. பத்தலகொடை நிலையத்தில் ஹெக்டர் வீரரத்ன வழிநடத்திய இனவிருத்தியில் 1958 இல் வெளியான நெல். அதன் பெற்றோரில் ஒன்று முருங்கக்காயன் 302, மற்றது மாஸ். முருங்கக்காயன் என்ற பெயரைக் கேட்டாலே அது எந்த மொழிக்காரரின் வயலில் வளர்ந்தது என்று தெரியும். எச் 4 நாலரை மாதத்து நெல். எப்போது விதைத்தாலும் நாலரை மாதம். நாளை எண்ணுகிற நெல். அறுபதுகளில் நாடு முழுவதும் மிக விரைவாகப் பரவியது, பரவியதற்குக் காரணமும் இருந்தது. ஐயாவின் வயலில் விளைச்சல் கண்கூடாகக் கூடியது. சிறுபோகத்திலும் விதைக்க முடிந்தது, ஏனென்றால் பகல் நீண்ட மாதங்களிலும் அது கதிர் தள்ளும். காலநெல்லைச் சிறுபோகத்தில் போட்டால் கார்த்திகை வரை இலைதான் விட்டுக்கொண்டிருக்கும். குளத்துக் காணியில் இரண்டு போகம் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறை எச் 4 க்குக் கடன்பட்டிருக்கிறது. நானும் அதில் ஒருவன். பழைய நெல்லைப் புகழ்வதற்காக இதை மறைத்துவிட எனக்கு மனம் வராது.

ஆனால் ஐயா முதல் வருடம் ஒரு பிழை விட்டார். பெரியையாவைப் பார்த்து வந்த பழக்கத்தில் எச் 4 ஐயும் ஆவணி முதலிலேயே விதைத்துவிட்டார். நாலரை மாதம் எண்ணிப் பாருங்கள். பெருமழை இன்னும் விடாத மார்கழியில் கதிர் முற்றியது. உயர்ந்த பயிர், உரம் குடித்த பயிர், இரண்டு நாள் காற்றில் அப்படியே படுத்தது. தண்ணீருக்குள் கிடந்த கதிரை நாங்கள் பிள்ளைகள் எல்லாம் முழங்கால் சேற்றில் நின்று கையால் கோதி எடுத்தோம். அம்மா அடுப்பங்கரையில் நெல்லைப் பரவிக் காயவைத்தா. அன்றைக்கு ஐயா சொன்னது எனக்கு மறக்கவில்லை: "இனி நாள் நாங்கள்தான் பாக்கோணும்."

அதுதான் நடந்தது. காலத்தைப் பார்க்கிற வேலை நெல்லிடமிருந்து மனிதரிடம் வந்தது. இன்று காலபோகத்துக்கு முன்னர் கமக்கார அமைப்புகளும் உத்தியோகத்தர்களும் கூடிக் கூட்டம் வைத்து, எத்தனையாம் திகதி துருசு திறப்பது, எத்தனையாம் திகதிக்கு முன் விதைத்து முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்றெல்லாம் தீர்மானிக்கிறோம். நானே அப்படி எத்தனையோ கூட்டங்களில் இருந்து திகதி எழுதியிருக்கிறேன். பிஜி 11-11, பிஜி 94-1 என்று வந்த இனங்கள் வயதைக் குறைத்துக்கொண்டே போயின. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆட்டக்காரியும் ஏடி 362 உம் எங்கள் பக்கத்து வயல்களில் நிற்கின்றன. எல்லாம் நாளை எண்ணுகிற நெல்.

இனி உள்ளே போவோம்.

என் பெறாமகள் பேராதனையில் விவசாயம் படித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் நெற்கலங்களோடு வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வந்து நின்றபோது வயலில் நான் ஒரு மட்டத்தைக் கீறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சித்தப்பா, நீங்கள் நகத்தாலை கீறிப் பாக்கிறதை நாங்கள் நொதியத்தாலை கீறிப் பாக்கிறம். வேறொண்டும் இல்லை."

அந்த மாலை முழுவதும் வரம்பில் இருந்து அவள் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். நெல்லின் இலைக் கலத்திலும் வேர்க் கலத்திலும் கதிர்க் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. பன்னிரண்டு சோடி நிறமூர்த்தம். நெல்லின் முழு எழுத்துத் தொகுதியையும் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2005 இல் வாசித்து முடித்தார்கள், ஒரு தொகுதிக்கு 38 கோடியே 90 இலட்சம் எழுத்து. ஒரு கலத்துக்குள் இருக்கும் இரண்டு தொகுதியையும் நூல்போல நீட்டினால் கால் மீற்றர் வரும். அது கண்ணுக்குத் தெரியாத கருவுக்குள் அடங்க வேண்டுமென்றால் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்த உருண்டையில் 147 எழுத்து நீளத்துக்கு நூல் சுற்றப்பட்டிருக்கிறது. பிறகு கொஞ்சம் வெறும் நூல், பிறகு அடுத்த உருண்டை. நூலும் புரதமும் சேர்ந்த இந்தத் திரளுக்குத்தான் குரோமற்றின் என்று பெயர். சாயம் பிடித்து நிறமாகத் தெரிந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்தர் ஃபிளெமிங் வைத்த பெயர்.

இறுகச் சுற்றிய இடத்திலுள்ள மரபணுவை, எங்கள் பாடநூலில் பரம்பரையலகு என்று படித்ததை, வாசிக்க வருகிற புரதங்களால் எட்ட முடியாது. நெகிழ்ந்த இடத்தை எட்டலாம். நான் வேலி உதாரணம் சொன்னேன், அவள் ஒத்துக்கொண்டாள். எங்கள் ஊர் வளவுகளுக்குக் கதியால் வேலி, வேலியில் ஒரு படலை. இலைக் கலத்தில் சில வளவுகளின் படலை திறந்திருக்கும், சிலதில் பூட்டு. வேர்க் கலத்தில் வேறு படலைகள். வளவுகள் எல்லாம் எல்லாக் கலத்திலும் இருக்கின்றன. திறந்திருப்பது எது என்பதில்தான் இலை இலையாகவும் வேர் வேராகவும் ஆகிறது. கல வியத்தம் என்று நாங்கள் மனப்பாடம் செய்த சொல்லுக்குள் இருந்தது இதுதான்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது கோழியின் இரத்தத்தில். 1976 இல் ஹரால்ட் வைன்றோபும் மார்க் குரூடினும் டி.என்.ஏ.யைக் கடிக்கிற ஒரு நொதியத்தைக் கோழிக்குஞ்சின் கருக்களுக்குள் விட்டார்கள். செங்குருதிக் கலத்தில் குளோபின் மரபணுவை நொதியம் சீக்கிரம் தின்றுவிட்டது. வேறு இழையத்துக் கலத்தில் அதே குளோபின் மரபணு கடிபடாமல் தப்பியது. முட்டை வெண்கருவுக்கான மரபணு செங்குருதிக் கலத்தில் தப்பியது. எந்தக் கலம் எதைச் செய்கிறதோ அதற்கான இடம் அங்கே திறந்திருக்கிறது. 2013 இல் ஸ்டான்ஃபோர்டில் ஜேசன் புவென்றொஸ்ட்ரோ, வில்லியம் கிரீன்லீஃப், ஹவார்ட் சாங் ஆகியோர் இதையே மிகச் சில கலங்களை வைத்து ஒரே நாளில் செய்யும் வழியைக் கண்டார்கள். பக்டீரியாவிலிருந்து எடுத்த வெட்டி ஒட்டும் நொதியம் ஒன்று. திறந்த இடத்தில் மட்டும் வெட்டி, வெட்டிய இடத்தில் அடையாளத் துண்டைச் சொருகிவிட்டுப் போகும். பிறகு அடையாளங்களை எண்ணினால் படலைகளின் வரைபடம் கிடைத்துவிடும்.

நெல்லில் இந்த வரைபடம் 2012 இலேயே வந்துவிட்டது, ஜியாங் ஜிமிங்கின் அமெரிக்க ஆய்வுக்குழுவிடமிருந்து. அவர்கள் ஒப்பிட்டவை இரண்டு: நெல் நாற்று, இழைய வளர்ப்பில் வளர்த்த கலஸ். கலஸ் என்பது இன்னும் இலையென்றும் வேரென்றும் ஆகாத கலத்திரள். அதிலிருந்து முழுச் செடியையும் எழுப்பலாம். நாற்றில் இருந்ததைவிட ஏறத்தாழ 58 வீதம் அதிகமான திறந்த இடங்கள் கலஸில் இருந்தன. இந்த எண்ணைப் பெறாமகள் சொன்னதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். எதுவாகவும் ஆகக்கூடிய கலம் கன படலைகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்றாக ஆன கலம் தனக்குத் தேவையில்லாததை மூடிக்கொள்கிறது. விதைக்குள் இருந்த எல்லா வழியிலும் ஒன்றைத் தெரிந்து மற்றதை அடைத்துக்கொண்டுதான் இலை இலையாகிறது.

ஆனால் படலை திறந்திருக்கிற வீட்டில் எல்லாம் அடுப்பு எரியும் என்று நினைக்கக் கூடாது. இதைப் பெறாமகள் இரண்டு முறை அழுத்திச் சொன்னாள். திறந்த இடத்துக்கு அருகிலுள்ள மரபணு பேசாமலே இருக்கலாம், வர வேண்டிய புரதம் இன்னும் வரவில்லை என்றால். 2020 இல் எலியின் மயிர்க்கால்களில், ஒவ்வொரு கலத்திலும் எது திறந்திருக்கிறது, எது வாசிக்கப்படுகிறது என்று இரண்டையும் சேர்த்து அளந்தார்கள். பல மரபணுக்களில் திறப்பு முந்தி வருகிறது, வாசிப்பு பிந்தி வருகிறது. கலம் என்னவாகப் போகிறது என்பது அது ஆவதற்கு முன்பே குரோமற்றினில் தெரிந்துவிடுகிறது. ஐயாவின் நகம் குடலைக்கு முந்திய குஞ்சத்தைக் கண்டது. இவர்களுடைய நொதியம் குஞ்சத்துக்கும் முந்தியதைக் காண்கிறது.

இனிக் காலநெல்லின் மார்கழிக்கு வருவோம். பகல் நீளத்தை அளப்பது நுனியல்ல, இலை. பகல் குறுகியதும் இலைக்குள் எச்டி3ஏ என்ற சின்னப் புரதம் உண்டாகி, உரியத்தின் வழியே உணவோடு சேர்ந்து ஓடி, தண்டின் நுனிப் பிரியிழையத்தை அடைகிறது. பூக்க வைக்கும் ஒரு பொருள் இலையிலிருந்து நுனிக்குப் போகிறது என்று ரஷ்யாவில் சைலாக்யன் 1930களிலேயே சொல்லி, ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அது இன்னதென்று தெரிய எழுபது வருடம் பிடித்தது. நெல்லில் அதை 2007 இல் காட்டியவர்கள் ஜப்பானின் நாராவில் ஷிமமோட்டோ கோவின் குழுவினர். அதற்குக் கட்டளை கொடுப்பவற்றில் முக்கியமானது எச்டி1 என்ற மரபணு. பகல் குறுகினால் எச்டி3ஏயைத் தூண்டும், பகல் நீண்டால் அதே எச்டி1 தடுக்கும். உலகின் பல நெல்லினங்களில் இந்த எச்டி1 பழுதாகிக் கிடக்கிறது. காலத்தைப் பார்ப்பதை அந்த நெல்கள் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

புரதம் நுனிக்கு வந்து சேர்ந்தால் போதுமா? பூட்டிய படலையை முதலில் யார் திறப்பது? சில புரதங்களுக்கு மட்டும், இறுகச் சுற்றிய இடத்திலும் கைவைத்து நெகிழ்த்தும் வல்லமை இருக்கிறது. வேலியால் ஏறிக் குதித்து உள்ளிருந்து கொண்டியைக் கழற்றுகிறவன் மாதிரி. முன்னோடிப் புரதம் என்கிறார்கள். கடுகுக் குடும்பத்துச் சின்னக் களையான அரபிடொப்சிஸில், பூவை உருவாக்கும் லீஃபி என்ற புரதம் அப்படிப்பட்ட முன்னோடி என்று 2021 இல் காட்டினார்கள். அது ஹிஸ்டோன் சுற்றிய டி.என்.ஏ.யிலேயே போய் ஒட்டுகிறது. பிறகு அந்த இடம் நெகிழ்கிறது, பிறகு பூவுக்கான மரபணு பேசுகிறது. இலை செய்த கலம் திரும்பிப் போக முடியாத வழியில் அடியெடுத்து வைக்கிறது.

"வந்திட்டுது" என்று ஐயா சொன்னது இதைத்தான்.

இன்னொரு நெல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல்கள் குளங்களாயின. மூன்று மாத நெல் தண்ணீருக்குள் அழுகுவதை வரம்பில் நின்று பார்த்தேன். அப்போது எனக்கு நினைவு வந்தது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெள்ளம் தாங்கும் நெல்களைத் தேடியபோது, ஒடிசாவின் எஃப்ஆர்13ஏயோடு சேர்த்து எங்கள் தீவிலிருந்து கண்டெடுத்த நெல்களில் ஒன்று. ஆங்கிலப் பட்டியலில் குர்காருப்பன் என்று இருக்கும். குறுங்கறுப்பன் என்றுதான் கமக்காரர் வாயில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எஃப்ஆர்13ஏயின் அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006 இல் பிரித்தறிந்தார்கள். முழுக மூழ்கிய நெல் பதறி நீண்டு சத்தை எல்லாம் செலவழிக்காமல், வெள்ளம் வடியும் வரை அடங்கி இருக்க அது வழி செய்கிறது. 2019 இல் நெல், தக்காளி முதலியவற்றின் வேர்களைத் தண்ணீரில் அமுக்கி வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மூழ்கிய சில மணி நேரத்துக்குள் வேர்க்கலங்களில் படலைகள் மாறுவது தெரிந்தது. நெல்லில் அந்த மாற்றம் நன்றாகப் பழகிய கை செய்வது போல இருந்தது. சேற்றில் பிறந்த பயிரல்லவா.

கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தின் குளிரறையில் நாட்டின் பழைய நெல்கள் உறைகளில் இருக்கின்றன. அது பெரிய காரியம், அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் குளிரறையில் எந்தப் படலையும் திறப்பதில்லை. ஒரு நெல் காலத்தைப் பார்ப்பது வயலில் நின்றால்தான்.

எங்கள் காலநெல் தப்பியது தற்செயல். 2008 கடைசியில் போரால் பூநகரி ஆட்கள் எல்லோரும் எழும்பி நடந்தபோது பெரியையாவின் கொம்பறையோடு விதையும் போயிற்று. பெரியையா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 2010 இல் திரும்பி வந்த எங்களுக்கு விதைநெல் சாக்குச் சாக்காக வந்தது, எல்லாம் குறுகிய வயது நெல். பசித்த நேரத்தில் அது தெய்வம்போல வந்தது. தென்மராட்சியில் கலியாணம் முடித்துப் போன மச்சாள் ஒருத்தி, பெரியையா எப்போதோ கொடுத்த காலநெல்லை ஒவ்வொரு வருடமும் அரைப் பரப்பில் கைவிடாமல் விதைத்து வந்திருக்கிறா. அவவிடமிருந்து ஒரு மரைக்கால் வாங்கிப் பெரியையாவின் மகன், எனக்கு அண்ணை, பழைய வயலில் போட்டார்.

சில வருடத்துக்குப் பிறகு ஒரு தை மாதம் அண்ணை தொலைபேசி எடுத்தார். வயல் முழுவதும் கதிர் சாய்ந்து நிற்கிறது, வீதிக்கரை மூலையில் மட்டும் ஒரு வட்டம் கதிரில்லாமல் பச்சையாக நிற்கிறது, உவர் ஏறிவிட்டது போல இருக்கிறது, வந்து பார் என்றார். பெறாமகளும் அப்போது வந்து நின்றாள், இருவருமாகப் போனோம். மண்ணை அள்ளி நாக்கில் வைத்தேன், உவர் இல்லை. பயிரும் வாடவில்லை, மற்றதைவிடச் செழிப்பு. அவள் மண்ணைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மூலையில் புதிதாக நட்ட கம்பத்தில் வீதி விளக்கு.

"இதுக்கு இன்னும் இரவு வரேல்லை சித்தப்பா" என்றாள்.

நான் ஒரு மட்டத்தைப் பிடுங்கிக் கீறினேன். உறைக்குள் உறை. அதற்குள் ஓர் இளம் இலை, அதற்குள் இன்னும் இளைய இலை. ஊசி முனையளவு வரை பிரித்தேன். பூனைமயிர் இல்லை. பதினைந்து பாகம் தள்ளி அதே விதை, அதே நாள் விதைத்தது, மணி பழுத்து நின்றது.

அடுத்த போகத்துக்கு முன்னர் அண்ணை அனுமதி கேட்டு, விளக்கின் வயல் பக்கத்துக்கு ஒரு தகரத் துண்டை வளைத்துக் கட்டுவித்தார். வீதிக்கு வெளிச்சம் குறையவில்லை. கார்த்திகையில் நான் மூக்குக்கண்ணாடியோடு போய் அந்த மூலையில் இறங்கி மூன்று நான்கு மட்டத்தைக் கீறிப் பார்த்தேன். குஞ்சம் இருந்தது. தகரத்தின் நிழல் எட்டாத விளிம்பில், வரம்போரமாக ஒரு முழ அகலத்துக்கு மட்டும் இல்லை. அண்ணை குனிந்து அந்த வெறும் தண்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு இன்னொரு தகரம் கொண்டு வாறன்" என்றார்.